நடுவில் ஒரு மட்டையைக் காணோம்

கோல்ஃப்: அயர்னும் வெட்ஜும் ஒத்துப்போனால்தான் கணக்கு சரியாகும்

திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள கோல்ஃப் மைதானம் திருவிதாங்கூர் மன்னர் காலத்தது, ஒன்பதே குழிகள். இங்கானாலும் வேறெங்கானாலும் ஆட்டத்தைத் தீர்மானிப்பது கடைசி நூறு கஜம்தான். அங்கே கைகொடுக்க வேண்டிய மட்டை வெட்ஜ். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

காரணம், எழுத்து மாறவில்லை; கோணம் மாறிவிட்டது. 1980களில் பிச்சிங் வெட்ஜின் முகச்சரிவு (லாஃப்ட்) சுமார் 48 முதல் 50 டிகிரி. இன்றைய அயர்ன் செட்கள் பலவற்றில் அது 43 முதல் 45 வரைதான். சரிவு குறைந்தால் பந்து தூரம் போகும்; விற்பனையும் சூடுபிடிக்கும். சாண்ட் வெட்ஜோ இன்னமும் 54, 56 டிகிரியிலேயே நிற்கிறது. முன்பு இரண்டுக்கும் இடையே 6 டிகிரி; இப்போது 12. ஒன்றில் 110 கஜம் அடிப்பவர் அடுத்ததில் 80 கஜத்துக்கு இறங்கிவிடுகிறார். கொடி 95 கஜத்தில் இருந்தால் திண்டாட்டம்தான்.

தீர்வு சிக்கலானதல்ல. பிச்சிங் வெட்ஜின் சரிவை முதலில் அறியுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 டிகிரி இடைவெளியில் அடுத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள்: 44, 50, 56 என்பதுபோல. பையில் 14 மட்டைகளுக்கு மேல் விதி அனுமதிக்காது என்பதால், புதிய வெட்ஜுக்காக அதிகம் எடுக்காத நீள மட்டை ஒன்றைக் கழிக்க வேண்டிவரலாம். தண்டின் எடையும் முக்கியம். அயர்ன்கள் லேசான கிராஃபைட்டாகவும் வெட்ஜ் கனத்த எஃகாகவும் இருந்தால் வீச்சின் தாளம் தப்பும்.

அடிப்பாகத்தின் சாய்வுக்கு பவுன்ஸ் என்று பெயர். அமெரிக்கர் ஜீன் சாரஸன் 1930களின் தொடக்கத்தில் அடிப்பாகத்தைப் பருமனாக்கி, மட்டை மணலில் புதையாமல் செய்தார். 1932இல் பிரிட்டிஷ் ஓபனையும் வென்றார். இடவப்பாதி மழையில் ஊறிய மண்ணுக்கு 10 டிகிரிக்கு மேல் பவுன்ஸ் நல்லது. மார்ச் மாதத்து இறுகிய தரையில் அதே மட்டை துள்ளி, பந்தின் தலையில் அடிக்கும். அங்கே 6, 8 போதும்.

இது பணக்காரர் கவலை மட்டுமல்ல. 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், 2009இல் வென்ற முனியப்பா இருவருமே கேடிகளாக இருந்தவர்கள். பிறர் கழித்த மட்டைகளால் பை நிரப்பும் இளைஞருக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை. வாங்குமுன் ஒவ்வொரு வெட்ஜிலும் பத்துப் பந்து அடித்து, விழும் தூரத்தைக் குறித்துப் பாருங்கள். எந்த மட்டை வேண்டும் என்பதை அந்தத் துண்டுச்சீட்டே சொல்லிவிடும். அதற்குச் செலவில்லை.