கோபாலபுரம்: 6 எழுத்தா, 10 எழுத்தா? ஆப் பிழையைப் பிடிக்க டெவலப்பர் டூல்ஸ் செட்டப் செய்வது எப்படி?

'கோபாலபுரம்' - விரல்விட்டு எண்ணுங்கள். கோ, பா, ல, பு, ர, ம். ஆறு எழுத்து. இதிலென்ன சந்தேகம் என்கிறீர்களா? நீங்கள் எழுதிய ஆப்பைக் கேட்டால், 'பத்து' என்று சொல்லலாம்!

யூனிகோடில் 'பு' என்பது ஒன்றல்ல. 'ப' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'ம்' என்றால் 'ம'வும் புள்ளியும். அப்படிக் கூட்டினால் மொத்தம் 10. ஐபோன் ஆப்களுக்கான ஸ்விஃப்ட் மொழி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி 6 என்றே எண்ணும். ஆண்ட்ராய்டின் கோட்லினிலும் ஃப்ளட்டரின் டார்ட்டிலும் 'லெங்த்' கேட்டால் 10 வரும்.

டெலிவரி ஆப்பில் ஏரியா பெயருக்கு 8 எழுத்துதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போனில் ஆர்டர் போகும், இன்னொன்றில் போகாது. பாவம், டைப் செய்த பாட்டி 'நாமதான் தப்பா அடிச்சுட்டோம்போல' என்று போனை வைத்துவிடுவார். தப்பு அவருடையது இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த செட்டப்.

டாக்டரைப் பாருங்கள்

ஒரே கோடில் இரண்டு வகை போனுக்கும் ஆப் செய்ய உதவும் ஃப்ளட்டரை எடுத்துக்கொள்வோம். கூகுள் இதன் 1.0 பதிப்பை 2018-ல் வெளியிட்டது. ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, வி.எஸ்.கோட் மூன்றையும் இன்ஸ்டால் செய்துவிட்டு, டெர்மினலில் 'ஃப்ளட்டர் டாக்டர்' கமாண்டைக் கொடுங்கள். மாஸ்டர் செக்கப் மாதிரி, எது குறைகிறது என்று பட்டியல் போட்டுவிடும்.

ஐபோனுக்கு எக்ஸ்கோடும், அது ஓட ஒரு மேக்கும் வேண்டும். மேக் இல்லையா? ஆண்ட்ராய்டில் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் ஒருநாள் நண்பரிடம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

போனைத் தயார் செய்யுங்கள்

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது 7 முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'யு.எஸ்.பி டீபக்கிங்'கை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் இணைத்ததும் போன் அனுமதி கேட்கும், கொடுங்கள். போன் தெரியவே இல்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும்!

ஐ.ஓ.எஸ் 16-லிருந்து, ஐபோனிலும் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் 'டெவலப்பர் மோட்' ஆன் செய்ய வேண்டும். எக்ஸ்கோடோடு ஒருமுறை இணைத்த பிறகே அது கண்ணில் படும்.

நிறுத்திப் பாருங்கள்

எழுத்து எண்ணும் வரி எதுவோ, வி.எஸ்.கோடில் அந்த வரி எண்ணுக்கு இடப்பக்கம் க்ளிக் செய்தால் சிவப்புப் புள்ளி விழும். அதுதான் பிரேக்பாயின்ட். எஃப்5 அழுத்தி ஆப்பை ஓடவிட்டு, 'கோபாலபுரம்' என்று தமிழில் டைப் செய்து சமர்ப்பியுங்கள். புரோகிராம் அந்த வரியில் அப்படியே நிற்கும். 'லெங்த்' மதிப்பைப் பாருங்கள்: 10. திருடன் சிக்கினான்!

'லெங்த்' என்பதை 'கேரக்டர்ஸ் டாட் லெங்த்' என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள்: 6. இதையே ஐபோனிலும் ஒருமுறை சோதியுங்கள். சர்வரிலும் எல்லை வைத்திருந்தால், அங்கே எப்படி எண்ணுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் ஏற்றுக்கொண்டதை சர்வர் திருப்பி அனுப்பிவிடும்.

வேலை முடிந்ததும் யு.எஸ்.பி டீபக்கிங்கை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். இனி சோதனைக்கு ஆங்கிலப் பெயர்களை மட்டும் அடிக்காமல், உங்கள் தெருப் பெயரைத் தமிழில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். பாட்டியின் ஆர்டர் பத்திரமாக வீடு வந்து சேரும்.