உங்களுக்குத் தெரியுமா? உளுந்தூர்பேட்டை ஓடுதளமும் ஒரு ரூபாய் டிக்கெட்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் ஓடுதளம் உண்டு! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உளுந்தூர்பேட்டை அருகே போட்டது.

ஆனால் மாவட்டத்தின் கல்வராயன் மலைக்காரர்கள் விமானம் ஏற மேற்கே சேலத்தைப் பார்க்கலாம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது அந்த நிலையம். சிறு ஊர்களுக்கு மலிவு விமானச் சேவை தரும் மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவன விமானம் அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது, 2021-இல் நின்றுபோனது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானச் சத்தம் கேட்டது.

இப்படிச் சின்ன ஊர்களுக்கு மலிவு விலையில் பறக்கலாம் என்று இந்தியாவில் முதலில் துணிந்தவர் முன்னாள் ராணுவ அதிகாரி கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். 2003-இல் ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். இலவசச் சாப்பாடு கிடையாது, இறங்கிய விமானம் சட்டென மறுபடி கிளம்ப வேண்டும், டிக்கெட் இணையத்தில். பெட்ரோல் பங்க்கில்கூட விற்றார்கள்! சில இருக்கைகளுக்கு அடிப்படைக் கட்டணம் ஒரு ரூபாய். வரியெல்லாம் தனி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவர் கதையைத் தழுவியதுதான் 2020-இல் வந்த ‘சூரரைப் போற்று’. படத்து நாயகன் சோழவந்தான்காரர். நிஜ நாயகனோ கர்நாடகத்தின் கொரூர்காரர். படம் சொல்லாத மிச்சம்: கூட்டம் சேர்ந்தது, லாபம் சேரவில்லை. 2007-இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் டெக்கானில் பங்கு வாங்கியது; அடுத்த ஆண்டே டெக்கான் அதில் கரைந்தது. 2012-இல் கிங்ஃபிஷரும் தரையிறங்கிவிட்டது.