வால்டன் ஏரியில் வசந்தம்: படத்தின் அழகைவிட அதன் தேதி ஏன் முக்கியம்?

உருகும் பனி, துளிர்விடும் மரம், தரையில் தலைநீட்டும் முதல் பூ. குளிர் நாடுகளில் மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் இன்ஸ்டாகிராம் முழுக்க இந்தப் படங்கள்தான். நாலு லைக் விழும், அடுத்த வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கான்கார்டு என்ற சின்ன ஊரில் கதை வேறு. அந்த ஊரையும் அதன் வால்டன் ஏரியையும் சுற்றி எடுக்கப்பட்ட பழைய வசந்தகாலப் படங்களை விஞ்ஞானிகள் தேடித் தேடிச் சேகரித்தார்கள். படத்தின் அழகுக்காக இல்லை, அதன் பின்னால் எழுதியிருந்த தேதிக்காக!

வால்டனில் அப்படி என்ன விசேஷம்?

எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை இந்த ஏரிக்கரையில் ஒரு சின்ன மரக்குடில் கட்டி வாழ்ந்தார். அந்த அனுபவத்தை எழுதிய ‘வால்டன்’ புத்தகம் 1854-ல் வெளியானது. இது பலருக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. தோரோ ஒரு தீவிரமான குறிப்பெடுப்பாளர். ஏரியின் பனி எந்த நாளில் முழுசாக உருகியது, எந்தச் செடி எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்று எழுதிவைத்துக்கொண்டே இருந்தார். குறிப்பாக 1852 முதல் 1858 வரை நூற்றுக்கணக்கான செடிகளின் பூக்கும் தேதிகளைப் பதிவுசெய்தார். அவருக்குப் பிறகு அதே ஊரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோஸ்மர் என்ற கடைக்காரர், 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அதே வேலையைச் செய்தார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் க்ளீசன் என்ற புகைப்படக் கலைஞர், தோரோ நடந்த இடங்களுக்கெல்லாம் கேமராவோடு போய்ப் படம் எடுத்தார்.

ஒரே ஊர், ஒரே ஏரி, ஒன்றரை நூற்றாண்டுப் பதிவு. உலகில் மிகச் சில இடங்களுக்கே இப்படி ஒரு சொத்து இருக்கிறது.

தேதிகள் என்ன சொல்கின்றன?

பாஸ்டன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ப்ரைமாக், 2003-ல் இந்தப் பதிவுகளைக் கையில் எடுத்தார். ஆய்வாளர் ஏபிரஹாம் மில்லர்-ரஷிங்கும் அவரும் தோரோ பார்த்த அதே செடிகளைத் தேடி, முதல் பூவின் தேதியைக் குறித்தார்கள். 2008-ல் முடிவுகள் வெளியாயின. தோரோ காலத்தோடு ஒப்பிட்டால், செடிகள் சராசரியாக 7 நாள் முன்னதாகவே பூத்தன. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியின் வெப்பநிலை சுமார் 2.4 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது.

7 நாள்தானே என்று தோன்றலாம். அது சராசரி. வெயில் கூடிய ஆண்டுகளில் இந்த வித்தியாசம் எகிறிவிடுகிறது. அந்தப் பகுதியில் வளரும் ஒருவகைப் புளூபெர்ரிச் செடி, தோரோ காலத்தில் மே மாத நடுவில் பூத்தது. வசந்தம் வழக்கத்துக்கு மாறாகச் சுட்ட 2012-ல் அதே செடி ஏப்ரல் 1-ம் தேதியே பூத்துவிட்டது. ஆறு வாரம் முன்னதாக!

ஏரியும் இதையேதான் சொல்கிறது. தோரோவின் குறிப்புப்படி வால்டனில் பனி முழுசாக உருகியது 1845-ல் ஏப்ரல் 1, 1847-ல் ஏப்ரல் 8, 1852-ல் ஏப்ரல் 18. அண்மை ஆண்டுகளில் இது மார்ச் மாதத்துக்கு நகர்ந்துவிட்டது. 2012-ல் ஜனவரி முடிவதற்குள்ளேயே பனி காணாமல்போனது.

போட்டோ எங்கே வருகிறது?

எல்லா ஊரிலும் ஒரு தோரோ இருக்க மாட்டார். ஆனால், ஏறக்குறைய எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் கேமராவோடு இருந்திருப்பார். இதைத்தான் ப்ரைமாக் குழு பிடித்துக்கொண்டது.

கான்கார்டுக்குப் பக்கத்து நகரமான லோவெலில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் நாளான 1868 மே 30 அன்று அங்கே எடுத்த ஒரு படத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. ஒரு இலைகூட இல்லை. 2005-ல் அதே மே 30 அன்று, அதே இடத்தில் எடுத்த படத்தில் மரங்கள் பச்சைப் பசேல் என்று அடர்ந்திருக்கின்றன.

இரண்டு படங்களை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு ஆண்டு எதேச்சையாகக் குளிர் கூடியிருக்கலாம். அதனால்தான் பாஸ்டனின் ஆர்னால்டு தாவரவியல் பூங்கா, கான்கார்டு ஆகிய இடங்களில் பல பத்தாண்டுகளாக எடுத்த, தேதி குறித்த பூப்படங்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். வசந்தத்தின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பூக்கள் சுமார் 4 நாள் முந்துகின்றன என்பது தெரிந்தது. மற்ற வகைப் பதிவுகளோடும் இது ஒத்துப்போனது. 2006-ல் வெளியான இந்த ஆய்வுக்கு உதவிய படங்கள், பருவநிலை மாற்றத்தை அளக்க வேண்டும் என்ற நினைப்பில் எடுக்கப்பட்டவை அல்ல.

முன்னதாகப் பூத்தால் என்ன நஷ்டம்?

பூ சீக்கிரம் வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். சிக்கல், எல்லாம் ஒரே வேகத்தில் முந்தாததில் இருக்கிறது.

காட்டின் தரையில் வளரும் சின்னப் பூச்செடிகள் வசந்தத்தின் தொடக்கத்தை நம்பி வாழ்பவை. மேலே மரங்கள் இலைவிட்டு நிழல் போர்த்துவதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலில்தான் அவை ஆண்டுக்குத் தேவையான உணவில் பெரும்பகுதியைத் தயாரிக்கின்றன. கான்கார்டு பதிவுகளை வைத்துச் செய்த 2019-ம் ஆண்டு ஆய்வில், வெப்பத்துக்கு மரங்கள் இந்தச் செடிகளைவிட வேகமாக எதிர்வினை காட்டுவது தெரிந்தது. மரம் முந்திக்கொண்டால் கீழே இருக்கும் செடிக்குப் பட்டினிதான்.

விளைவு ஏற்கெனவே கண்ணில் படுகிறது. தோரோ கான்கார்டில் பார்த்த தாவர இனங்களில் 27 சதவீதம் இன்று அங்கே இல்லை. இன்னும் 36 சதவீதம் மிக அரிதாகிவிட்டன. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், வெப்பத்துக்கு ஏற்பப் பூக்கும் நாளை மாற்றிக்கொள்ள முடியாத இனங்களே அதிகம் குறைந்திருக்கின்றன என்கிறது 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு.

இப்போது கேமராவே கணக்கெடுக்கிறது

அமெரிக்காவில் ‘ஃபீனோகேம்’ என்ற கேமரா வலையமைப்பு செயல்படுகிறது. கோபுரங்களில் பொருத்திய சாதாரண டிஜிட்டல் கேமராக்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே காட்சியைப் படம் பிடிக்கின்றன. படத்தில் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி, அதில் பச்சையின் பங்கு எவ்வளவு என்று கணினி பார்க்கும். அந்தப் பங்கு எந்த நாளில் ஏறத் தொடங்குகிறதோ, அன்று மரம் துளிர்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிம்பிள் கணக்குதான்!

நம் போன் படமும் உதவுமா?

தாராளமாக. சில விஷயங்களில் கவனமாக இருந்தால் போதும்.

ஒரே இடம்: ஒரே பாறை, ஒரே பெஞ்ச் என்று ஒரு இடத்தை முடிவுசெய்து, ஒரே கோணத்தில் எடுங்கள். வாரம் ஒரு படம் போதும்.

ஃபில்டர் வேண்டாம்: பச்சையைத் தூக்கிக் காட்டும் ஃபில்டர் போட்டால், துளிர்த்த மரத்துக்கும் துளிர்க்காத மரத்துக்கும் உள்ள வித்தியாசம் மங்கிவிடும். ஒயிட் பேலன்ஸை மாற்றாமல் வைத்தால் இன்னும் நல்லது.

‘ஒன்றும் இல்லை’ என்பதும் தகவல்: பூ வந்த நாளில் எல்லோரும் க்ளிக் செய்வார்கள். அதற்கு முந்தைய வாரத்தின் மொட்டைக் கிளையையும் எடுத்து வைத்திருந்தால்தான், பூ எப்போது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒரிஜினல் முக்கியம்: போன் படத்துக்குள்ளேயே தேதி, நேரம், இடம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும். மூலப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள்.

அரிய பூ என்றால் உஷார்: காட்டு ஆர்கிட் போன்றவற்றைத் திருடி விற்பவர்கள் உண்டு. சரியான இடத்தைப் பொதுவில் பகிர வேண்டாம். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலி, அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்துக் காட்டும்.

நம் ஊரில் பனி உருகும் ஏரி இல்லைதான். ஆனால், கொன்றை எப்போது பூக்கிறது, மா எப்போது பூவெடுக்கிறது என்ற கேள்விகள் இங்கும் உண்டு. ‘சீசன்வாட்ச்’ என்ற இந்திய மக்கள் அறிவியல் திட்டம் இதைத்தான் செய்கிறது. தெருமுனையில் நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று வாரம் ஒருமுறை யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடம் போதும்.