உங்களுக்குத் தெரியுமா? வேந்தரை நோக்கிச் சுட்டவருக்கும் பட்டம்!

பட்டமளிப்பு விழாவில் வேந்தரையே நோக்கிச் சுட்ட மாணவிக்கு, அதே பல்கலைக்கழகம் 80 ஆண்டு கழித்து, அவர் இறந்தபின் சான்றிதழ் வழங்கியது!

• 1932 பிப்ரவரி 6, கல்கத்தா பல்கலைக்கழகம். பட்டம் வாங்க வந்த பீனா தாஸ், ஆளுநரும் வேந்தருமான ஸ்டான்லி ஜாக்சனை நோக்கி ஐந்து முறை சுட்டார். ஜாக்சன் தப்பினார். பீனாவுக்கு ஒன்பது ஆண்டு கடுங்காவல்.

• அதே ஆண்டு செப்டம்பரில் சிட்டகாங்கின் பகார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கிய பிரீத்திலதா வதேதார், போலீசில் சிக்காமல் சயனைடு விழுங்கினார். வயது 21. பீனாவுடையதைப் போலவே அவருடைய பி.ஏ. சான்றிதழையும் ஆங்கிலேயர் நிறுத்திவைத்தனர்.

• இருவருக்கும் சான்றிதழ் வந்தது 2012 மார்ச்சில். பீனா 1986-லேயே காலமாகிவிட்டார்.

• அப்போதைய வேந்தர், மேற்கு வங்க ஆளுநர் எம்.கே. நாராயணன். சென்னை நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் படித்தவர்!