வாய் நாற்றம்: மறைக்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள்



இந்த முறை நாம் பேசப்போவது, யாரும் யாரிடமும் சொல்லக் கூச்சப்படும் ஒரு சங்கதி. சொன்னால் மனம் நோகும். சொல்லாவிட்டால் நோய் முற்றும். வாய் நாற்றத்தைத்தான் சொல்கிறேன்.

ஒரு தோட்டத்தில் நடந்தது இது. 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, வேலையை விட்ட பிறகு இளைய மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் 5 வயதுப் பேத்தி மடியிலிருந்து இறங்கி, "பாட்டி, உங்க வாய் நாறுது. நான் அம்மாகிட்ட போறேன்" என்று ஓடிவிட்டாள். அன்றிலிருந்து பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினார். கிராம்பு மென்றார், ஏலக்காய் மென்றார். வாசனைக்கென்று தினமும் இரண்டு வாய் வெற்றிலை கூடுதலாகப் போட்டார். ஆறு மாதம் இப்படியே போயிற்று. தீபாவளிக்கு வந்த மூத்த மகள்தான், "என்னம்மா, வாயப் பொத்திக்கிட்டே பேசுறே? வா, பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம்" என்று கையோடு அழைத்துப்போனார்.

டாக்டர் பார்த்தார். ஈறெல்லாம் சீழ், பல்லைச் சுற்றிக் கல்லுப்போலக் காறை. அது மட்டுமா? வெற்றிலையை அடக்கி வைக்கும் கன்னத்தின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அந்த இடத்தில் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார்கள். நல்லவேளை, புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறக்கூடிய திட்டு. கிராம்பும் ஏலக்காயும் நாற்றத்தை மறைத்தன. நோயையும் சேர்த்து மறைத்துவிட்டன.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

"வயிற்றில் கோளாறு, பேதிக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெரும்பாலானோருக்கு நாற்றம் வாயிலிருந்தேதான் வருகிறது. பல் இடுக்கில் தங்கிய சாப்பாட்டையும், நாக்கின் பின்பகுதியில் படியும் மாவு போன்ற படிவத்தையும் கிருமிகள் அழுகவைக்கின்றன. அப்போது கந்தகம் கலந்த வாயு உண்டாகிறது. கெட்டுப்போன முட்டை நாறுவதும் இந்த மாதிரி வாயுவால்தான்.

இந்தக் கிருமிகளைக் கழுவித் தள்ளுவது எச்சில். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால்தான் காலையில் எல்லோருக்கும் வாய் நாறுகிறது. நம் வேலையிலும் இதே கதை நடக்கிறது. விடியுமுன் ஒரு வாய் கோப்பியோடு பெரட்டுக்குப் போகிறோம். வெயிலில் நிரை நிரையாக நடக்கிறோம், குலை வெட்டுகிறோம். மத்தியானம்வரை தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை. வாய் காய்ந்து, நாற்றம் பிடிக்கிறது. சிகரெட்டும் சம்சுவும் வாயை மேலும் காயவைக்கும். பூண்டு, பெத்தாய் போன்றவற்றின் வாசம் வேறு மாதிரி. அது ரத்தத்தில் கலந்து மூச்சில் வருவதால் பல் தேய்த்தாலும் உடனே போகாது. தானாகவே தணிந்துவிடும், பயப்பட வேண்டாம்.

தனக்கு நாற்றம் உண்டா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. மணிக்கட்டின் உள்பக்கத்தை நாக்கால் நக்கி, சில விநாடி காயவிட்டு முகர்ந்து பாருங்கள். அல்லது வீட்டில் நம்பிக்கையானவரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. காலையும் இரவும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் 2 நிமிடம் பல் தேய்க்க வேண்டும். இரவில் தேய்ப்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். அதுதான் மிக முக்கியம். ஈறில் ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மெதுவாகத் தேயுங்கள்.

2. நாக்கை வழியுங்கள். நாக்குவழிப்பானோ, வழவழப்பாகச் சீவிய தென்னை ஈர்க்கோ போதும். பின்னாலிருந்து முன்னால், மெதுவாக. ரத்தம் வரும்படி சுரண்டக் கூடாது.

3. ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். ஈறு வீக்கத்துக்கு இதமாக இருக்கும். விழுங்க வேண்டாம்.

4. வேலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இனிப்புத் தண்ணீர் அதற்கு மாற்று ஆகாது.

5. பல் செட்டு வைத்திருக்கும் பெரியவர்கள், இரவில் அதைக் கழற்றித் தேய்த்துச் சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

6. சோம்பு, கிராம்பு, ஏலக்காய் மெல்லலாம். எச்சில் ஊறும், வாசமும் நன்றாக இருக்கும். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

செங்கல் தூள், மணல், கரி, சாம்பல் வைத்துத் தேய்க்காதீர்கள். பல்லின் மேல்பூச்சு தேய்ந்துவிடும். புகையிலைப் பொடியைப் பல்லில் வைப்பது அதைவிட ஆபத்து. ஊசியாலும் தீக்குச்சியாலும் பல் குத்தவே கூடாது.

வெற்றிலை போடும் தாய்மார்களுக்கு

"நான் புகையிலை சேர்க்கிறதில்லையே" என்று சொல்வீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று கூறியது. பாக்கு மட்டுமே போதும், ஆபத்துதான். மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடையேதான் வாய்ப் புற்றுநோய் விகிதம் அதிகம். இது நம் வீட்டுப் பிரச்சினை. சபையில் தட்டில் வைக்கும் வெற்றிலையை யாரும் குறை சொல்லவில்லை. வாயில் அடக்கி வைப்பதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வலியில்லாத கட்டி, வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும்; ஈறு நோய் இருந்தால் இனிப்பு நீரும் கட்டுக்குள் வருவது சிரமம். அவர்கள் மூச்சில் பழ வாசம் அடித்து, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

சின்னப் பிள்ளையின் முகத்தருகே நாற்றம் அடித்து, ஒரே ஒரு மூக்கில் மட்டும் சளி வந்தால், மணியோ பயறோ உள்ளே போயிருக்கலாம். நீங்களே நோண்டி எடுக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

ஊரிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பல் வலிக்கும்வரை காத்திராமல், வருஷத்துக்கு ஒருமுறையாவது வாயைக் காட்டிக் காறையை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒருவருக்கு வாய் நாறினால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் கேலியும் செய்யாதீர்கள். தனியாக அழைத்து, "வாங்க, ஒருதரம் காட்டிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். அந்த மூத்த மகள் செய்தது அதைத்தான். பாட்டி வெற்றிலையை நிறுத்திவிட்டார். சொன்ன தேதி தவறாமல் டாக்டரிடம் திட்டைக் காட்டி வருகிறார். முந்தானை இப்போது தோளில்தான் கிடக்கிறது. பேத்தியும் பழையபடி மடியில் இருக்கிறாள்.