கடிதத்துக்கு எந்த எழுத்துரு?

ஆலய நிர்வாகத்துக்காகவோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காகவோ அதிகாரபூர்வக் கடிதம் தட்டச்சு செய்கிறீர்களா? அலங்கார எழுத்து கல்யாணப் பத்திரிகைக்கு அழகு, கடிதத்துக்கு ஆகாது. மலாய்மொழிக் கடிதத்துக்கு ஏரியல், 11 அல்லது 12 பாயின்ட் போதும். 72 பாயின்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். தமிழில் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வருவதால், வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகிவிடும். ஆகவே யூனிகோடு எழுத்துருவே நல்லது. விண்டோசில் நிர்மலா என்னும் யூனிகோடு எழுத்துரு இருக்கிறது. ஆப்பிள் கணினியில் இணைமதி. இணைமதியை வடிவமைத்தவர் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளைத் தந்தவரும் அவரே.