காப்பியும் கூத்தும்

காப்பி ஹோட்டலில் பாட்டுக் கேட்பது நமக்குப் புதிதன்று. சர்க்கரை போதவில்லை என்று நாம் சொல்வது பரிமாறுகிறவர் காதில் விழாதபடி அங்கே சினிமாப் பாட்டு அலறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாட்டுக்கென்றே ஒரு காப்பிக் கடை, அதிலும் நாட்டுப் பாடலுக்கென்று, அதிலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் நடத்துவது என்றால், காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்தில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்பார்கள்.

அமெரிக்காவில் அத்தகைய கடை ஒன்று 1960-ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது. நியூயார்க் மாகாணத்திலுள்ள ஸாரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஒரு மாடி அறை. 'கபே லீனா' என்று பெயர். லீனா ஸ்பென்ஸர் என்ற பெண்மணியும் அவர் கணவர் பில்லும் தொடங்கியது. நாட்டுப் பாடலை உத்தாரணம் செய்யவேண்டும் என்று அவர்கள் விரதம் பூண்டிருந்ததாக எண்ண வேண்டாம். இரண்டொரு வருஷத்தில் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவதே உத்தேசம்! கணவர் சீக்கிரமே விலகிப் போனார்; லீனா அம்மையார் அங்கேயே தங்கிவிட்டார். 1989-இல் காலமாகும் வரையில் கடையை நடத்தினார். பாட வந்தவர்களுக்குச் சோறு போட்டார். படுக்க இடமும் கொடுத்தார். பணம் மட்டும் சேரவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பாப் டிலன், 1961-இல் யாரும் அறியாத வாலிபராக அங்கே பாடியபோது, ஜனங்கள் கவனியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது பிரசித்தமான கதை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா காண்டீனுக்கு எழுந்து போகும் நம் ரஸிகர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

லீனாவோடு கடையும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. நண்பர்கள் அதை லாப நோக்கமற்ற ஸ்தாபனமாக்கினார்கள்; ஊரார் முறைபோட்டு வந்து காப்பி பரிமாறினார்கள். 2016-இல் கட்டடத்தையும் புதுப்பித்தார்கள்.

இவ்வகைக் கடைகளில் நாம் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே தொண்டு செய்பவர் டம்ளர் எடுப்பவர், பாடுகிறவர் அல்லர். பாடுகிறவருக்கு ஊதியம் உண்டு. நம் நாட்டு வழக்கமோ நேர்மாறு. பந்தலுக்குப் பணம் கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறோம், தலைவருக்குப் போர்த்தும் பொன்னாடைக்கும் கொடுக்கிறோம். பறை முழக்குகிறவரைக் கண்டால் மாத்திரம் கலைத்தொண்டின் பெருமை நம் நினைவுக்கு வந்துவிடுகிறது!

தொண்டர்களைக் கொண்டு நடத்துவது நம்மால் ஆகாத காரியமும் அன்று. சென்னையில் பெஸன்ட் நகர்க் கடற்கரையை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015-இல் மீனவர்களும், டி. எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலிய நண்பர்களும் சேர்ந்து ஒரு விழா தொடங்கினார்கள். நுழைவுச் சீட்டுக் கிடையாது. கர்நாடக ஸங்கீதமும் பறையாட்டமும் ஒரே விழாவில் இடம் பெற்றன. ஆனால் விழா என்பது வருஷத்தில் சில நாள். கலைஞர் வீட்டு அடுப்போ தினம் எரியவேண்டும்.

நம் வட தமிழ்நாட்டுக் கூத்தர்களை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது, கூத்தர் பி. ராஜகோபால் முதலியோர் 1990-இல் அமைத்தது. பங்குனி முதல் ஆடி வரையில் திரௌபதி அம்மன் கோவில்களில் இரவு முழுவதும் கூத்து நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்துவிட்டால் திறந்த வெளியில் ஆடுவது எங்ஙனம்? வருமானமும் அத்துடன் நின்றுபோகும். காப்பிக் கடைக்கு ஏற்ற காலம் அதுவே.

காட்டாங்குளத்தூரில் பல்லாயிரம் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு மின்சார ரயில் வாசலில் நிற்கிறது. மழைக்காலச் சனிக்கிழமைகளில் கூரையுள்ள ஒரு கூடம் போதும். 50 பேர் தலைக்கு 100 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய். ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, வேஷக்காரர் இருவர் என ஐவர் வந்தால், ஆளுக்கு 1,000 ரூபாய். ரயில் செலவுக்கும் பாலுக்கும் காப்பி விற்ற காசு ஈடுகொடுக்கும். பெரிய வரும்படி அல்லதான். ஆனாலும் மழை மாதத்தில் அது அரிசி.

இன்னொன்று. முன்காலத்துக் காப்பி கிளப்புகளில் ஜாதி பார்த்து இடம் ஒதுக்கினார்கள். கிராமத்து டீக்கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை வழக்கம் அதற்குப் பின்னும் நீடித்தது. ஆகையால் நம் கடைக்கு வாங்கும் டம்ளர்கள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே அலமாரியில் இருக்கட்டும். கழுவி அடுக்குவதற்குத் தொண்டர்கள்தாம் வேண்டும். உபாத்தியாயர்களாகிய நமக்குச் சனிக்கிழமை மாலை ஓய்வுதானே?